கல்லூறி

சுண்டுவிரல் ஷிப்ட் கீயில் ஒரு கணம் கூடுதலாக நின்றது.
அவ்வளவுதான் நடந்தது.
சோலையம்மை மகளிர் கல்லூறி என்று
நீல நாடாவில் வெள்ளை எழுத்தில்
அறுநூறு கழுத்துக்கு அடித்து முடித்திருந்தேன்.

ஜைனுலாபுதீன் பாய் திட்டவில்லை.
செக்காலை ரோட்டைப் பார்த்தபடி டீயை ஆறவிட்டார்.
"கல்லு ஊறுமா, சகாயராணி?"
மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
ஆக, அறுநூறும் எனக்குச் சொந்தம்.

இந்த வேலையில் முகங்கள் மனதில் நிற்பதில்லை.
பாலிடெக்னிக் பையன்களுக்கு அரை அங்குல சாட்டின்,
ஒரே வாரத்தில் நுனியைக் கடித்துப் பிரித்துவிடுவார்கள்.
வங்கிக்காரர்களுக்கு
இழுத்தால் நீண்டு விட்டால் சுருளும் வட்டு.
கானாடுகாத்தானில் படம் எடுக்க வருகிறவர்களுக்குக் கறுப்பு, அகலமாக.
லைட்மேனுக்கும் டைரக்டருக்கும் ஒரே கயிறு,
அட்டையின் நிறம்தான் சாப்பாட்டுப் பந்தியைப் பிரிக்கும்.
கல்யாணத்துக்கும் இப்போது ஜரிகை வைத்துக் கேட்கிறார்கள்:
பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார்.
பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று தனியாக
ஒரு பத்து அடிக்கலாமா என்றார்
பள்ளத்தூர்ப் பெண்ணின் சித்தப்பா.
சிரிக்கவில்லை அவர்.

என் அறுநூறு மெல்ல ஊருக்குள் இறங்கின.
முதலில் வாங்கியவர் தேனப்பன்,
பதினோரு பங்காளி வீட்டின் காவல்.
பதினோரு சாவி, பதினோரு கயிறு, ஓர் ஆணி.
பினாங்கிலிருந்து வந்தவர் தன் அறைச்சாவி எது என்று
ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.
பணியாரக் கடை உமையாள் அடுப்பு லைட்டரைத் தொங்கவிட்டாள்,
ஆராய்ச்சி நிலையத்து ஆபீசர் மூக்குக்கண்ணாடியை,
நீச்சல் பழகும் பிள்ளை விசிலை.
ஒன்று சந்தையில் ஆட்டின் கழுத்தில் போனது.
ஆட்டுக்கு அட்டை இல்லை, விலை இருந்தது.

அப்புறம் அந்தக் கல்லூரிப் பிள்ளையே வந்தது.
கயிறு தொலைந்துவிட்டது, ஐம்பது ரூபாய் அபராதம்,
"ஒண்ணு இருந்தா குடுங்கக்கா."
கொடுத்தேன். எழுத்தைக் காட்டியும் சொன்னேன்.
மறுநாள் தோழியோடு வந்தது, அடுத்த வாரம் ஒன்பது பேர்.
முதல்வர் வேண்டாமென்று திருப்பியனுப்பியது
அவர் வாசல் வழியாகவே
இருபது ரூபாய்க்கு ஒன்றாக உள்ளே போயிற்று.
வாட்ச்மேனுக்கு நீலம் போதும்.

பிடரியில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி வைப்போம்,
பலமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும்.
அதற்கு இரண்டு ரூபாய் கூடுதல் என்று
பலர் வேண்டாம் என்பார்கள்.
மஞ்சுவிரட்டில் கமிட்டிக்காரர் ஒருவரின் சிவப்புக் கயிறு
மாட்டுக் கொம்போடு போனது, ஆள் இங்கேயே நின்றார்.
மறுநாள் மிக்சர் பொட்டலத்தோடு வந்து
கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.
என் கழுத்தில் பாதிரியார் முன் ஏறியதில்
அப்படி ஒரு கொக்கி இல்லை.
தேவகோட்டையில் ஒரு மத்தியானம்
தையல் கத்தரிக்கோலால் வெட்டவேண்டி வந்தது.
அதைப் பற்றி இவ்வளவு போதும்.

நேற்று ஆத்தங்குடி டவுன் பஸ்.
கண்டக்டர் நெஞ்சில் என் நீலம், நுனியில் விசில்.
அம்மா மடியில் நின்ற பொடியன்
எழுத்துக்கூட்டிப் படித்தான்:
"கல்... லூ... றி.
அம்மா, கல்லு எப்படி ஊறும்?"
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
பின்சீட்டில் முழங்கைவரை சிமென்ட் காய்ந்த ஓர் ஆள்,
வண்ணக்கல் பட்டறைக்காரராக இருக்கவேண்டும்,
"தொட்டித் தண்ணியில பத்து நாள் கெடந்தா ஊறும்டா" என்றார்,
"ஊறுனாத்தான் கல்லு."
விசில். இறங்கிப் போய்விட்டார்.

பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை.
சாட்சிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தால்
பாயிடம் ஒரு மாதச் சம்பளத்தையாவது
திருப்பிக் கேட்டிருக்கலாம்.